மரமற்ற வெளியில் ஒரு பரண்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங்கிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் சாலையில் போகிறவர்களுக்கு, இருமருங்கிலும் மைல்கணக்காகத் தொடர்ந்துவரும் செம்பனைத் தோப்பு ஓரிடத்தில் திடீரென்று அற்றுப்போய், வானம் தரையைத் தொட இறங்கிவந்ததுபோன்ற ஒரு பெருவெளி கண்ணிற்படுவது உண்டு. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் காய்த்து ஓய்ந்த மரங்களை வீழ்த்தித் துண்டாக்கி வரிசை வரிசையாகக் குவித்துவிட்டு, ஒன்பது மீட்டருக்கு ஒன்றாகப் புதுக்கன்றுகளை நட்டு, இடைநிலமெங்கும் மூடுபயிரைப் படரவிட்டிருக்கும் மறுநடவு நிலம் அது. முழங்காலளவு உயர்ந்த கன்றுகளையும் இடுப்பளவு படர்ந்த கொடிகளையும் தவிர நிழல் தரும் பொருள் ஒன்றும் அங்கே இராது. அத்தகைய வெளியின் நடுவில், இரும்புக் குழாய்களால் ஆன மூன்று கால்களின்மேல் ஒரு பலகையும், பலகையைச் சுற்றி ஒரு கம்பி வளையமும், தலைக்குமேல் காய்ந்த மட்டைகளால் வேய்ந்த சிறு கூரையுமாக ஓர் உயர்ந்த ஆசனம் தன்னந்தனியே நிற்பதை நான் பல ஆண்டுகளுக்கு முன்பு கண்டேன். தோட்டத்துப் பட்டறையில் பழைய இரும்பைக்கொண்டு தொழிலாளர்களே செய்தது அது. இரண்டு பேர் தோளில் சுமந்து வேண்டிய இடத்தில் நிறுத்தக்கூடியது. அதற்கு அவர்கள் இட்டிருந்த பெயர் பரண்.

மரமில்லாத நிலத்தில் மானையும் பன்றியையும் எதிர்நோக்கி இருப்பதற்காக மனிதர் தம் கையாலேயே செய்து தூக்கிச்செல்லும் இத்தகைய ஆசனங்களைப் பற்றிப் பிற தேசங்களில் வேட்டைக்காரர்கள் நிரம்பச் சிந்தித்திருக்கிறார்கள். தமிழில் அதைப் பற்றிய விசாரணை மிகக் குறைவு. ஆயினும் பரண் என்ற பொருள் நமக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் உடையது. ஜொகூரின் செம்பனை வெளியிலே நிற்கும் அந்த மூன்றுகால் ஆசனம் பழைய குறிஞ்சிநிலத்துப் பரணின் நேர் வழித்தோன்றல் என்பது என் அபிப்பிராயம்.

சங்க நூல்கள் பரணை இதணம் என்றும் கழுது என்றும் வழங்குகின்றன. தினை முற்றும் காலத்தில் கிளிகளை ஓட்டுவதற்காகத் தலைவியும் தோழியும் அதன்மேல் ஏறி இருப்பதும், தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளால் ஓசை எழுப்பிப் பறவைகளை விரட்டுவதும் கபிலருடைய குறிஞ்சிப்பாட்டால் அறியப்படும். அந்தப் பரண் மரத்தின்மேல் கட்டப்பட்டது என்பதையும், புலியும் அணுக அஞ்சும்படி அமைந்தது என்பதையும் கபிலர் தெளிவாகவே குறிப்பிடுகிறார். ஐங்குறுநூற்றிலே கேழலுக்கு ஒரு பத்தும் கிள்ளைக்கு ஒரு பத்தும் இருப்பதைக் கொண்டு, குறவர்களின் பயிருக்குப் பகலில் கிளியும் இரவில் பன்றியும் எவ்வளவு பெரிய தொல்லையாக இருந்தன என்பதை ஊகிக்கலாம். வள்ளியின் கதை நாம் எல்லோரும் அறிந்தது. மானின் வயிற்றிலே பிறந்தவளென்று கந்தபுராணம் கூறும் அந்தப் பெண் பரண்மீது அமர்ந்து ஆலோலம் பாடிக்கொண்டிருந்தபோதுதான் முருகன் வேடனாக வந்து நின்றான். பரணின்மேல் இருந்தவள் காவற்காரி. வேட்டைக்காரன் கீழேதான் நின்றான். தோட்டங்களில் வள்ளி திருமண நாடகத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விவரிக்க வேண்டிய அவசியமே இல்லை. பரண் முதலில் பயிர்காக்கும் சாதனமாகத் தோன்றி, பிறகே உயிர்கொல்லும் சாதனமாயிற்று என்று நான் கருதுவதற்கு இந்தப் பழைய வழக்குகளே ஆதாரம். இலங்கையிலும் சேனைப்பயிரின் இரவுக் காவலுக்கு இத்தகைய உயர்ந்த குடில்கள் கட்டப்பட்டன. காவலர் உறக்கம் வராமலிருக்கப் பாடிய பாடல்கள் சிங்கள நாட்டுப்பாடல்களில் தனி வகையாகவே போற்றப்படுகின்றன.

மரமில்லாத நிலத்தில் பழந்தமிழ் வேட்டுவர் என்ன செய்தார்கள்? பெரும்பாணாற்றுப்படை இதற்கு விடை தருகிறது. வறண்ட பாலைநிலத்து எயினர், நீர் வற்றிய குளத்தின் அருகே குழிதோண்டி அதனுள் ஒளிந்திருந்து, நள்ளிரவில் நீர் தேடிவரும் பன்றியை எதிர்பார்த்திருந்தனர் என்று அந்நூல் சொல்கிறது. மேலே ஏறுவதற்கு மரம் வாய்க்காதபோது அவர்கள் பூமிக்குள்ளே இறங்கினார்கள். குறிஞ்சியில் பரணும் பாலையில் குழியுமாக இரண்டு உபாயங்களும் நம் இலக்கியத்திலேயே அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்றாவது உபாயம் ஒன்று உண்டு. மரத்தையே சுமந்து செல்வதுதான் அது.

இந்தியாவின் பிற பகுதிகளில் மசான் என்று வழங்குவதும் பரணே. மஞ்சம் என்ற வடசொல்லிலிருந்து பிறந்த சொல் அது. கட்டிலும் அதுவே, மேடையும் அதுவே. சொல்லுக்குப் பொருத்தமாக, கயிற்றுக் கட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து மரத்தின் கவட்டில் கட்டி, நான்கு கால்களும் மேல்நோக்கி நிற்க அதன் நடுவே அமர்ந்திருக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. மேவார் நாட்டு அரசர்களோ ஓடி என்ற பெயரால் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வேட்டைக் கோபுரங்களையே எழுப்பிக்கொண்டார்கள். அது பெயராத பரண். வெளிமான்கள் மேய்ந்த சமவெளிகளில் மாட்டுவண்டியே வேட்டைக்காரனுக்கு மறைவாயிற்று. உழவர்களின் வண்டியைக் கண்டு பழகிய மான்கள் அதற்கு அஞ்சுவதில்லையாதலால், சிவிங்கிப்புலியைக் கண்கட்டி வண்டியில் ஏற்றி மந்தைக்கு அருகில் கொண்டுபோய் அவிழ்த்துவிடுவது வழக்கமாக இருந்தது. சக்கரத்தின்மேல் அமைந்த ஆசனம் என்ற கருத்து அங்கேயே இருக்கிறது. இன்று அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தின் முட்புதர்க் காடுகளில், ஏறத்தக்க மரம் கிடைக்காமையால் மூன்றுகால் ஆசனங்கள் பெருவழக்காக இருக்கின்றன. ஜெர்மனியில் வயலோரங்களில் மர ஆசனங்கள் எங்கும் நிற்கின்றன. சிலவற்றுக்குச் சக்கரம் பூட்டி வண்டியால் இழுத்துச்செல்கிறார்கள். அவற்றை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதித்தாக வேண்டும் என்று அந்நாட்டில் விதியே உண்டு. அந்த விதி எவ்வளவு அநுபவத்தின்மேல் எழுந்தது என்பதைப் பின்னர் சொல்லப்போகும் செய்திகளால் உணரலாம்.

இனி ஜொகூரின் சரித்திரத்தைச் சிறிது பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பீர் என்னும் செடியையும் மிளகையும் பயிரிட்ட சீனர்களின் தோட்டங்கள் காட்டை உண்டுகொண்டு வந்த காலத்தில், இப்பிரதேசத்தில் புலிபயம் சாதாரணமாக இருந்தது. 1895 முதல் 1959 வரை அரசாண்ட சுல்தான் இப்ராஹிம் புலிவேட்டையில் பெயர்பெற்றவர். 1928-இல் ஜொகூர் பாருவிலே மிருகக்காட்சிச் சாலையைத் தோற்றுவித்தவரும் அவரே. மலாய்க் குடியானவர்களோ துப்பாக்கியைவிடப் பொறிகளை நம்பினார்கள். வழியின் குறுக்கே கயிற்றைக் கட்டி, மிருகம் அதில் இடறியவுடன் ஈட்டி பாயும்படி அமைத்த பொறிக்குப் பெலந்திக் என்று பெயர்; மிருகசீரிடத்தை உள்ளடக்கிய விண்மீன் கூட்டத்துக்கும் அவர்கள் அப்பெயரையே இட்டார்கள். நம் முன்னோர் மானின் தலையைக் கண்ட இடத்தில் மலாய் வேட்டைக்காரன் மானுக்கு வைத்த பொறியைக் கண்டான் என்பது நினைக்க நினைக்க வியப்பைத் தருகிறது.

இரப்பரும் பின்னர் செம்பனையும் வந்தபோது காட்டின் எல்லை பின்வாங்கியது. 1956-இல் தோன்றிய பெல்டா நிறுவனத்தின் குடியேற்றத் திட்டங்களும், 1972-இல் ஏற்பட்ட கெஜோரா எனப்படும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு அமைப்பின் பணிகளும் கோத்தா திங்கி வட்டாரத்தின் முகத்தையே மாற்றின. காடு போனபின் காட்டு விலங்குகள் எங்கே போகும்? எண்டாவ் ரொம்பின் மலைகளிலும், பந்தி மலைப் பகுதியிலும், துண்டு துண்டாக எஞ்சிய வனங்களிலும் ஒதுங்கியவை இரவுதோறும் தோட்டங்களுக்குள் வந்து போயின. நடவு செய்த முதல் ஆண்டில் செம்பனைக் கன்றின் அடிக்குருத்து பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் மிக இனிய உணவு. ஓர் இரவில் ஒரு வரிசையையே பன்றிக்கூட்டம் தோண்டிச் சாய்த்துவிட்டுப் போகும். மறுநாள் காலையில் தொழிலாளர்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், மேற்பார்வை செய்யும் மண்டோருடைய முகத்தைப் பார்த்தே முந்திய இரவு நடந்ததை அறிந்துகொள்ளலாம் என்று முதியவர்கள் சொல்வார்கள்.

மானைப் பற்றிய நிலைமை வேறு. தமிழில் கடமான் என்றும் மிளா என்றும் சொல்லப்படுவதை மலாய்க்காரர் ரூசா என்பர். கேளையாடு அவர்களுக்குக் கீஜாங். ஒரு காலத்தில் உரிமத்தின்பேரில் வேட்டையாடப்பட்ட இவ்விரண்டுக்கும் தீபகற்ப மலேசியாவில் வேட்டை உரிமம் வழங்குவது பல ஆண்டுகளாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010-ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்தது. கண்ணி வைத்திருப்பதையே அது குற்றமாக்குகிறது. துப்பாக்கியைப் பற்றிய சட்டங்களோ இன்னும் கடுமையானவை. ஆசனத்தை வீட்டிலேயே செய்துகொள்ள யாருக்கும் தடையில்லை. துப்பாக்கியை வீட்டில் செய்தால் வாழ்வே போய்விடும். மானைக் காக்க வேண்டியதற்குப் புலியும் ஒரு காரணம். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் மலாயாக் காடுகளில் எஞ்சிய புலிகள் 150-க்கும் குறைவு என்று தெரியவந்தது. புலிக்குத் தக்க முக்கிய இரைகளுள் ஒன்று கடமான். எண்டாவ் ரொம்பினின் ஜொகூர்ப் பகுதி ஏறத்தாழ 49,000 ஹெக்டேர் பரப்பில் 1993-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு மரங்கள் காக்கப்பட்டும், மரங்களின்கீழ் மேயும் மான் குறைந்துவிட்டால் புலி எதை உண்ணும்? ஆகவே ஜொகூரில் மான்வேட்டைக்கான பரண் என்று ஒன்று இன்று இருக்கத் தகாது என்பதை நான் எவ்விதத் தயக்கமுமின்றிச் சொல்வேன். மானைப் பார்ப்பதற்கும் எண்ணுவதற்கும், பன்றியிடமிருந்து பயிரைக் காப்பதற்கும், உரிமம் பெற்றவர் பன்றியைச் சுடுவதற்கும் உரிய பரணைப் பற்றியே இங்கே ஆராய்கிறேன். வேட்டையிலிருந்து காவலுக்கு மாறியதற்கு இந்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. வேட்டைக்காரராக வாழ்வைத் தொடங்கிய தியோடர் ஹப்பக் என்பவரே 1930-களில் இடைவிடாமல் போராடி, இன்று தாமான் நெகாரா என்று வழங்கும் வனத்தைக் காப்பாற்றிக் கொடுத்தார். வேட்டைக்காரர் ஒளிந்திருக்கும் குடிலுக்கு மலாயில் பும்புன் என்று பெயர். தாமான் நெகாராவில் உவர்நிலங்களின் அருகே நின்று, கடமானும் தாப்பிரும் வந்து மண்ணை நக்குவதை இரவெல்லாம் பார்ப்பதற்குப் பயன்படும் உயர்ந்த குடில்களும் அதே பெயரால் வழங்குகின்றன.

பரண் செய்வோர் முதலில் கேட்கும் கேள்வி உயரத்தைப் பற்றியது. உயரம் கூடக்கூட நன்மை கூடும் என்பது பொதுவான நம்பிக்கை. அதில் பாதியே உண்மை. சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். அறுபது சென்டிமீட்டர் உயரமுள்ள மூடுபயிர் ஐம்பது மீட்டர் தூரத்தில் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். தரையில் நிற்பவனுடைய கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்தப் பயிருக்குப் பின்னே முப்பத்துமூன்று மீட்டர் நிலம் அவன் பார்வைக்கு எட்டாது. ஒரு பன்றிக் குடும்பமே அங்கே படுத்திருக்கலாம். மூன்று மீட்டர் பரணின்மேல் அமர்ந்து கண் நான்கு மீட்டர் உயரத்துக்குப் போனால், மறையும் நிலம் ஒன்பது மீட்டராகச் சுருங்கிவிடும். இன்னும் இரண்டு மீட்டர் உயர்த்தினாலோ ஒன்பது ஆறாகக் குறையுமே தவிர வேறு பயன் இல்லை. முதல் மூன்று மீட்டர் இருபத்துநான்கு மீட்டர் நிலத்தைத் திறந்துகாட்டுகிறது. அடுத்த இரண்டு மீட்டர் மூன்று மீட்டரையே காட்டுகிறது. ஆனால் விழுகிறவனுக்கு ஐந்து மீட்டரும் மூன்று மீட்டரும் ஒன்றல்ல. பத்தடிக்குமேல் பரணை உயர்த்துவதில் எனக்குச் சம்மதமில்லை.

உயரத்தால் வரும் மற்றொரு நன்மையைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தரையில் நின்று சுட்டால் குறிதப்பிய குண்டு தரைக்கு இணையாகப் பறந்து எங்கோ போய் யார்மீதோ படும். மேலிருந்து கீழ்நோக்கிச் சுட்ட குண்டு பெரும்பாலும் சிறிது தூரத்திலேயே மண்ணில் புதைந்துவிடும். லயத்து வீடுகளும் பள்ளிக்கூடமும் கோயிலும் அடுத்த மேட்டிலேயே இருக்கும் தோட்டங்களில் இது ஒன்றே பரணுக்குப் போதுமான நியாயமாகும்.

மரத்தில் கட்டிய பரணுக்கு வேரையும் தழையையும் கிளையையும் மரமே கொடுத்துவிடுகிறது. வேர் ஆடாமல் பிடித்துக்கொள்ளும், தழை ஆளை மறைக்கும், இடறினால் பற்றிக்கொள்ளக் கிளை இருக்கும். மரமில்லாத வெளியில் பரண் செய்பவன் இம்மூன்றையும் தன் கையாலேயே உண்டாக்க வேண்டும். நான் கண்டவரையில், பட்டறைகளில் செய்யப்படும் ஆசனங்களில் பலகையிலும் ஏணியிலும் காட்டும் பிரயாசையில் பாதிகூட அடியில் காட்டப்படுவதில்லை.

மூன்றுகால் ஆசனத்தின் பெருமை, மேடுபள்ளமான நிலத்திலும் ஆடாமல் நிற்பது. நான்கு கால்களில் ஒன்று எப்போதும் தரையைத் தொடாமல் தொங்கும் சங்கடம் அதற்கு இல்லை. நம் வீட்டு முக்காலியும் அடுப்புக்கல்லும் இந்த உண்மையைக் காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஆடாமை வேறு, சாயாமை வேறு. கால்களுக்கிடையே சம தூரம் வைத்துப் பார்த்தால், முக்கோணத்தின் மையத்திலிருந்து விளிம்புக்கு உள்ள தூரம் சதுரத்தில் உள்ளதைவிட மிகக் குறைவு. இரண்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு கால்களை ஊன்றினால் மையத்திலிருந்து விளிம்பு ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கும். மூன்று கால்களானால் எழுபது சென்டிமீட்டர்தான். ஒருவன் பக்கவாட்டில் சாய்ந்து எட்டிப்பார்க்கும்போது அவனும் ஆசனமும் சேர்ந்த பாரத்தின் மையம் அந்த எழுபது சென்டிமீட்டரைக் கடந்துவிட்டால் ஆசனம் கவிழ்ந்தே தீரும். மூன்று கால் வேண்டுமானால் கால்களின் அகலத்தை ஒன்றேமுக்கால் மடங்காவது கூட்ட வேண்டும்; அது முடியாதென்றால் மூன்று திசையிலும் இழுகயிறு கட்ட வேண்டும். சுமப்பதற்கு இலகுவாக இருக்கவேண்டுமென்று கால்களைக் குறுகவைத்து, இழுகயிற்றையும் மறந்துவிடுவதுதான் பெரும்பாலான விபத்துகளின் மூலகாரணம் என்பது என் துணிபு.

பொந்தியானிலும் பத்து பகாட்டிலும் கடலோரத் தாழ்நிலத்தில் இந்தப் பிரச்சினை இன்னும் கடினமாகிறது. அங்கேயுள்ளது தானா காம்புட் என்று மலாய்க்காரர் வழங்கும் மண். இலையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி மட்கிக் கருகிய சதுப்பு. ஜொகூரின் புகழ்பெற்ற அன்னாசித் தோட்டங்களில் பெரும்பகுதி அத்தகைய நிலத்தில்தான் இருக்கிறது. அன்னாசி ஊர் என்ற பொருளிலேயே பெக்கான் நெனாஸ் என்று ஒரு பட்டணம் இருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் மரமே இல்லாத அந்த அன்னாசி வெளிக்குள் பன்றிகள் பழம் கனியும் மணத்தைத் தேடி வந்துவிடும். ஆனால் அந்த மண்ணில் குழாய்க்கால்களை ஊன்றினால் அவை வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கும். இதற்கும் கணக்கு இருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள மனிதனும் நாற்பது கிலோ எடையுள்ள ஆசனமும் சேர்ந்தால் ஒவ்வொரு காலின்மேலும் முப்பத்தேழு கிலோ விழும். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயின் முனையில் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய இரண்டு கிலோவாக அழுத்தும். அதே காலின் அடியில் ஒரு சாண் அகலத்தைவிடச் சற்றுப் பெரிய, முப்பது சென்டிமீட்டர் சதுரப் பலகையைப் பொருத்திவிட்டால் அழுத்தம் ஏறக்குறைய நாற்பத்தாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மண்ணில் நடந்துபோகிற மனிதனுடைய பாதம் அழுத்துவதைவிடவும் அது குறைவு. அவன் நடக்க முடிகிற இடத்தில் அவனுடைய பரணும் நிற்கும். இழுகயிற்றுக்கு அடித்த முளைகள் அந்த மண்ணில் பிடிக்கமாட்டா. முழங்காலாழத்தில் ஒரு கட்டையைக் குறுக்காகப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டுவதே வழி. நான் மேலே சொன்ன குளுவாங் பக்கத்து ஆசனத்துக்குக் காலடியில் பழைய லாரிச் சக்கரத்தின் இரும்புத் தட்டுகளைப் பற்றவைத்திருந்தார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். முதலில் செய்தது ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, மேலிருந்தவருடைய தோள் எலும்பு முறிந்தபிறகு கற்றுக்கொண்டோம் என்றார்கள்.

எதைக்கொண்டு செய்வது என்பதில் அதிகம் பேச இடமில்லை. நிபோங் பனையின் தண்டும் மூங்கிலும் பழங்காலத்தில் உதவின. இரப்பர் மரம் சீக்கிரம் உளுத்துவிடும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயே இக்காலத்துக்குத் தக்கது. குலை அறுக்கும் அலுமினியக் கோல்கள் பழையதானபின் தோட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் என்பதற்காகச் சிலர் அவற்றைக் காலாக வைப்பதுண்டு. நீளவாக்கில் இழுப்பதற்கு உண்டான மெல்லிய குழாய் மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்காமல் நடுவில் ஒடிந்துவிடும். அதைக் கைப்பிடியாக மாத்திரம் கொள்ளலாம்.

தழையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மானுக்கும் பன்றிக்கும் நம்மைப்போல் எல்லா நிறங்களும் தெரியா. சிவப்பும் பச்சையும் அவற்றுக்கு ஏறக்குறைய ஒன்றே. நீலமோ நன்றாகத் தெரியும். ஆனால் தோட்டங்களில் எந்தக் கூரையும் எந்தத் திரையும் நீலத் தார்ப்பாயாலேயே போடுகிறார்கள்! அதைவிடப் பொருந்தாத பொருளைத் தேடினாலும் கிடைக்காது. கழித்த செம்பனை மட்டைகள் காலடியிலேயே குவிந்துகிடக்க, அவற்றை இடுப்பளவுக்குச் சுற்றிக் கட்டினாலே போதுமானது. அசைவை மறைப்பதுதான் முக்கியம். வாடையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. உயரத்தில் இருந்தால் மனித வாடை மேலேயே போய்விடும் என்கிறார்கள். காற்று வீசும்போது அது ஓரளவு மெய். ஜொகூரின் ஈரம் நிறைந்த, இலை அசையாத இரவுகளில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி மெல்ல இறங்கும்போது வாடையும் அதனுடன் இறங்கும். பன்றி வரும் வழி பள்ளத்தில் இருந்தால் பரண் அதற்கு மேட்டில் இருக்கக்கூடாது. தூக்கிச்செல்லும் பரணுக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. மரம் இருக்குமிடத்துக்கு மனிதன் போகவேண்டியிருந்தது. இதுவோ காற்றுக்கேற்ப இடம் மாறும்.

கிளையின் வேலையைச் செய்யவேண்டியது ஒரு கயிறு. பெரும்பாலும் விபத்து நேர்வது ஏணியிலிருந்து பலகைக்குக் கால்மாற்றும் அந்த ஒரு கணத்தில். இறங்கும்போது இன்னும் அதிகம், ஏனென்றால் இரவெல்லாம் மடக்கியிருந்த கால் மரத்துப்போயிருக்கும், விடியற்பனியில் படி வழுக்கும். மார்பையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் வார்ப்பட்டையை அணிந்து, தரையிலிருந்தே ஒரு கயிற்றோடு பிணைத்துக்கொண்டு ஏறவேண்டும். கட்டடத் தொழிலாளர் அணியும் பட்டையே இதற்குப் போதும். இடுப்பில் மாத்திரம் கட்டும் கயிறு ஆகாது. பிடிகம்பி பலகைக்குமேல் ஒரு முழமாவது நீண்டிருக்கவேண்டும். துப்பாக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுவது மூடத்தனம்; குண்டை எடுத்துவிட்டு, தான் ஏறி அமர்ந்தபின் தனிக்கயிற்றால் மேலே இழுத்துக்கொள்ள வேண்டும்.

மரமற்ற வெளிக்கே உரிய இரண்டு அபாயங்கள் இன்னும் உள்ளன. உலகில் இடிமின்னல் மிகுந்த தேசங்களுள் மலேசியா ஒன்று. நாலாபுறமும் இடுப்பளவு பயிர் இருக்க, நடுவிலே மூன்று மீட்டர் உயர இரும்பின் உச்சியில் அமர்ந்திருப்பவனைவிட மின்னலுக்கு வசதியான இலக்கு வேறு இல்லை. வானம் இருண்டவுடன் இறங்கி வந்துவிட வேண்டும். கன்று போனால் வேறு கன்று நடலாம். மற்றொன்று யானை. குளுவாங், கோத்தா திங்கி, மெர்சிங் வட்டாரங்களில் யானை செம்பனைக் குருத்தைத் தேடிவருவது இன்றும் நிற்கவில்லை. அவற்றைப் பிடித்துப் பெருங்காடுகளில் கொண்டுவிடும் பணியை வனவிலங்குத் துறை 1974-ஆம் ஆண்டு முதல் செய்துவருகிறது. பெருமரத்தின்மேல் கட்டிய குறவர் பரணை யானையால் எளிதில் அசைக்க முடிந்திராது. குழாய்க்கால் பரணை அது தும்பிக்கையால் தொட்டாலே போதும். யானையின் தடமோ விட்டையோ கண்ட வெளியில் இந்த ஆசனத்தை நிறுத்துவதே கூடாது. அங்கே மின்வேலியும், தூரத்தில் எரியும் விளக்கும், கூட்டமாகச் செல்லும் காவலுமே ஏற்றவை.

செம்பனைக் கன்று மூன்றாம் ஆண்டைக் கடந்ததும் அதன் அடித்தண்டு முற்றிக் கெட்டிப்படுகிறது. பன்றிக்கு அதில் ருசி குறைந்துவிடும். நான்காம் ஆண்டில் மட்டைகள் ஒன்றையொன்று தொட்டு வரிசைகளுக்கிடையே கூரைபோல் கவிய, பரணின்மேலிருந்து பார்த்தால் பச்சை அலைகளன்றி வேறொன்றும் தெரியாது. அப்போது ஒரு நாள் காலையில் இழுகயிறுகளை அவிழ்த்து, புதைத்த கட்டைகளைத் தோண்டி எடுத்து, மூன்று கால்களையும் சேர்த்துக் கட்டி டிராக்டரில் ஏற்றுவார்கள். கிழட்டு மரங்களைச் சாய்த்துக்கொண்டிருக்கும் அடுத்த நிரைக்கு வண்டி போகும்.